இரண்டு போல்ட் மூக்குகளுக்கு நடுவே

மின்சாரப் பேனலுக்குள் ஒரு பட்டைக்கும் இன்னொரு பட்டைக்கும் நடுவே ஏன் இடம் விடுகிறார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. ஸ்பேனர் திருப்புவதற்காக. ஐ.டி.ஐ.யில் படித்து, சான்றிதழ் வாங்கி, அதற்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி, ஐந்து வருஷம் பேனல் செய்து ஊர் ஊராக அனுப்பிய பிறகும் நான் இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வகுப்பில் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்கள். சொன்ன அன்று நான் மேட்னிக்குப் போயிருப்பேன்.

எனக்குத் தெரிந்த கரண்ட் தரையில் நடந்து போகிற ஆள். கம்பி இருந்தால் வருவார், இல்லாவிட்டால் நின்றுவிடுவார். தாண்டுவார், குதிப்பார் என்று யாராவது சொன்னால், "அதெல்லாம் மேல போவுதே பெரிய லைன், அதுக்கு. மில்லுக்கு வர்ற கரண்டுக்கு அவ்ளோ தில்லு கெடையாது" என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிற கூட்டம் ஒன்று அந்தக் காலத்தில் எனக்கு இருந்தது. அது ஒரு பெரிய கெடுதல்.

தொண்ணூறுகளின் நடுவில் வேங்கிக்காலில் ஒரு தகர ஷெட்டில் எனக்கு வேலை. ஷெட்டுக்காரர் ஆர்டர் பிடிப்பார், நான் செய்வேன். பேனல் என்றால் பீரோ மாதிரி ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே மேலிருந்து கீழாக நான்கு அலுமினியப் பட்டைகள், புத்தக அலமாரியில் புத்தகம் நிற்கிற மாதிரி, ஒன்றின் முகம் இன்னொன்றைப் பார்த்தபடி. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றிலும் கரண்ட் ஓடும். கறுப்பு சாது. இந்தப் பட்டைகளிலிருந்துதான் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒயர் பிரிந்து போகும். பட்டையில் துளை போட்டு, ஒயரை போல்ட் வைத்து முறுக்க வேண்டும். பட்டைகளுக்கு நடுவே மூன்று விரல் இடம் விடுவது எங்கள் ஷெட் வழக்கம். ஏன் மூன்று என்று நான் கேட்டதில்லை. மூன்று விரலில் ஸ்பேனர் சௌகரியமாகத் திரும்பியது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்குப் புதுப் பேனல் கேட்டார்கள். அளவெடுக்கப் போனேன். மில்காரர் முந்தின வருஷம் இரண்டு மோட்டாரை எரித்துவிட்டு, மோட்டார் ஏன் எரிந்தது என்று வாஸ்து பார்க்கிறவரிடம் கேட்டிருக்கிறார். மின்சாரம் என்பது நெருப்பு, நெருப்பு தென்கிழக்கில் இருக்க வேண்டும், நீங்கள் வடக்கில் வைத்திருக்கிறீர்கள், எரியாமல் என்ன செய்யும் என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே பேனல் அக்னி மூலைக்குப் போக வேண்டும்.

அக்னி மூலையில் ஏற்கெனவே ஓர் அக்னி இருந்தது. நெல் அவிக்கிற பாய்லர். பாய்லர் ரூம் சுவருக்கும் வாசல் நிலைக்கும் நடுவே மிச்சம் இருந்த இடத்தில் ஒரு ஒல்லியான ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம்.

"ரெண்டடி தள்ளி வெச்சிக்கலாமேங்க" என்றேன்.

"ரெண்டடி தள்ளினா அது அக்னி மூலையா? அப்புறம் நான் எதுக்கு வாஸ்து பாத்தேன்?" என்றார் மில்காரர். "நீ பொட்டிய ஒல்லியா பண்ணுப்பா."

அங்கே மோட்டார் போடுகிறவர் ஒருவர் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காலையில் பேனலைத் திறந்து மோட்டார்களை ஓட விடுவதும், சாயங்காலம் நிறுத்துவதும், நடுவில் பெல்ட் அறுந்தால் மாட்டுவதும் அவர் வேலை. இருபது வருஷமாக அந்த மில்லில்தான் இருக்கிறார். தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. அவர்தான் மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, அந்த மூலையில ஆவி அடிக்குமே. காலைல போயி நின்னா மூக்குல தண்ணி சொட்டும்."

"சொட்டுனா உன் மூக்க தொடைச்சிக்க" என்றார் மில்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் எல்லோரையும் விட ஜாஸ்தியாகச் சிரித்தேன். "பொட்டிக்கும் ஒரு கர்ச்சீப் வெச்சி தரேங்க" என்று சேர்த்துக்கொண்டேன். அதற்கும் சிரித்தார்கள். மோட்டார் போடுகிறவரும் சிரித்தார்.

ஷெட்டுக்கு வந்து யோசித்தேன். பெட்டி அகலம் கம்மி. மூன்று விரல் இடம் விட்டால் நான்கு பட்டைகள் அடங்காது. பிரச்சினை ஸ்பேனர்தானே? ஸ்பேனரைச் சாணைச் சக்கரத்தில் வைத்து இரண்டு பக்கமும் தேய்த்தேன். அரை நாள் தேய்த்ததில் அது தோசைத் திருப்பி மாதிரி மெல்லிசாகிவிட்டது. இப்போது ஒன்றரை விரல் இடைவெளியிலேயே அழகாகத் திரும்பியது. அன்று நான் அடைந்த பெருமை, ராக்கெட் விட்டவனுக்கும் இருந்திருக்காது.

ஷெட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "கேப் போதுமாப்பா?"

"ஸ்பேனர் போவுதுண்ணா."

"போவுதா? சரி, அப்ப போதும்."

எங்கள் இருவருடைய அறிவும் அந்த ஒன்றரை விரலுக்குள் தாராளமாக அடங்கியது.

அகலம் இன்னும் இடித்ததால், மோட்டார்களுக்குக் கரண்ட் விடுகிற, பக்கவாட்டில் வெளியே இருக்க வேண்டிய ஹேண்டிலைப் பெட்டிக்கு உள்ளே வைத்தேன். கதவைத் திறந்துகொண்டுதான் மோட்டார் போட வேண்டும். போட்டால் என்ன, கதவு திறக்க ஒரு கை, ஹேண்டில் தள்ள ஒரு கை, கடவுள் இரண்டு கை கொடுத்திருக்கிறானே என்று அதையும் ஒரு வேடிக்கையாகச் சொன்னேன்.

பூசணிக்காய் சுற்றி, கற்பூரம் காட்டி, மோட்டார்கள் ஓடின. மோட்டார் போடுகிறவர் பேனலைத் துண்டால் துடைத்துவிட்டு, "ஒல்லியா லட்சணமா கீதுப்பா உன் பொட்டி" என்றார். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நான் நம்பியது சரி என்பதற்கு அந்த இரண்டு வருஷம்தான் எனக்குச் சாட்சி.

பிறகு டவுனில் ஒரு லாட்ஜுக்கு அதே மாதிரி ஒல்லிப் பேனல் செய்தேன். லாட்ஜ் கட்டுகிறவர்கள் சரிபார்க்க ஓர் இன்ஜினியரை அனுப்பினார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். ஷெட்டில் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, மனசுக்குள் நாலு ஜோக் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் டீயைத் தொடவில்லை. பெட்டிக்குள் தலையை விட்டார். காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"இத யார் பண்ணது?"

"நான்தாங்க" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"பட்டைக்கும் பட்டைக்கும் எவ்ளோ கேப்?"

"ஒன்றரை விரலுங்க."

"போல்ட்ட பாத்தீங்களா? இந்தப் பட்டையோட போல்ட் மூக்கு அந்தப் பக்கம் நீட்டிட்டு இருக்கு. அதுக்கு நேர் எதிர்ல அந்தப் பட்டையோட போல்ட் மூக்கு இந்தப் பக்கம் நீட்டிட்டு இருக்கு. கரண்டுக்கு நடுவுல இருக்கற தூரம் அதுதான். மூக்குலேர்ந்து மூக்குக்கு." பென்சிலை இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே நுழைத்தார். போகவில்லை. "பென்சில் போவல. தூசி படிஞ்சி கொஞ்சம் ஈரமும் சேந்துட்டா அங்கேர்ந்து இங்க தாண்டிடும். ஒரு செகண்டு கூட வேணாம். வெல்டிங் அடிக்கற மாதிரி நெருப்பு. கதவு திறந்திருந்தா எதிர்ல நிக்கறவங்க மூஞ்சியில."

"தொட்டாதானேங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாத ஒருவரின் பார்வை. "தொடவே வேணாங்க" என்றார்.

தயாராக வைத்திருந்த நாலு ஜோக்கும் எங்கே போனதென்று தெரியவில்லை. லாட்ஜ் பேனலை நான்கே நாளில் பிரித்து, அகலமான பெட்டியில் மறுபடி செய்தேன். அது பெரிய காரியம் இல்லை. கீழ்பென்னாத்தூரில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. தவிட்டுத் தூசி, பாய்லர் ஆவி, திறந்த கதவு, எதிரே தினமும் காலையில் ஒரு முகம்.

மில்லுக்குப் போன் செய்தேன். எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, கொலைக்குத் திட்டம் போடுகிறவன் மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசினேன்.

"ஒரு நாள் மில்ல நிறுத்துனீங்கன்னா, பேனல ஒரு சர்வீஸ் பண்ணிடலாம்னு..."

"ஏம்பா, எதுனா கோளாறா?"

"சேச்சே. கோளாறெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சும்மா ஒரு சர்வீஸு."

"அப்ப இன்னா அவசரம்? தை மாசம்பா இது. களத்துல நெல்லு மலையாட்டம் கெடக்குது. பங்குனி பொறக்கட்டும், வா."

போனை வைத்துவிட்டேன். 'ஆபத்துங்க, இன்றைக்கே நிறுத்துங்க' என்று சொல்லியிருக்கலாம். ஊரில் எல்லோரையும் கிண்டல் செய்து வயிறு வளர்த்தவன், ஸ்பேனர் திருப்ப இடம் விடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று வெளியே சொன்னால் ஆயுளுக்கும் அதை வைத்தே ஓட்டுவார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று நானும் இத்தனை வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஷெட்டுக்காரரிடம் சொன்னேன். "ரெண்டு வருசம் ஓடிச்சி இல்ல? இன்னும் ரெண்டு மாசம் ஓடாதா?" என்றார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பங்குனிக்குக் காத்திருந்தேன். கீழ்பென்னாத்தூர் பஸ் ஷெட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். காலண்டர் தாளைக் காலையில் எழுந்தவுடன் கிழிப்பேன். சீக்கிரம் கிழித்தால் மாசம் சீக்கிரம் போகும் என்பது போல.

மாசி பாதியில் ஒரு காலை, மில்லில் அரிசி ஏற்றுகிற லாரி டிரைவர் ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே கத்தினார். "உங்க பொட்டி வெடிச்சிடுச்சிப்பா! மோட்டார் போடுவாரே, அவருக்கு மூஞ்சி, கை எல்லாம் வெந்துபோச்சி. இங்க பெரியாஸ்பத்திரிக்குதான் இட்டாந்திருக்காங்க."

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்வான்? ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். நான் சலூனுக்கு ஓடினேன். போலீஸ் வரும், அடையாளம் சொல்வார்கள், என்னிடம் அடையாளம் என்று இருப்பது இந்த மீசை ஒன்றுதான் என்று மூளை கணக்குப் போட்டது. "மீசைய எடுத்துடு" என்றேன். சலூன்காரர் சோப்பைக் குழைப்பதை நிறுத்திவிட்டு என் தோளில் கை வைத்தார். "எப்ப ஆச்சிண்ணா?" என்றார் மெதுவாக.

எங்கள் பக்கம் கொள்ளி வைக்கிற மகன்தான் மீசையை எடுப்பான் என்பது, எடுத்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முகத்தை மறைக்கப் போனவன், சாவு வீட்டு போர்டை முகத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பெட்டிக்கடைக்காரர் எழுந்து நின்றார். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி, "எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?" என்று கேட்டார். வீட்டு வாசலில் என் மனைவி என்னைப் பார்த்ததும், "ஐயோ, மாமா..." என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாமா, அதாவது என் அப்பா, அடி அண்ணாமலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அழுகை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அங்க ஒரு மனுசன் வெந்துபோயி கெடக்குறாரு. நீங்க இங்க வேசம் கட்டிக்கினு வந்து நிக்கறீங்க. போங்க. போயி பாத்துட்டு வாங்க."

போனேன்.

வார்டு வெளியே அவர் மனைவி சுவரோரம் குந்தியிருந்தார். மடியில் அந்தச் சிவப்புத் துண்டு சுருட்டி இருந்தது. ஓரம் கருகியிருந்தது. பேனல் செய்தவன் என்று சொல்லிக்கொண்டேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். திட்டப் போகிறார், காறித் துப்பப் போகிறார் என்று நின்றேன்.

"உங்க வூட்லயும் துக்கமா?" என்றார்.

வாய் தானாக, "அப்பா" என்றது.

"அடடா. எத்தினி நாளாச்சி?"

"நேத்து."

"அத்த வுட்டுட்டு இவர பாக்க வந்தீங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்டீங்களாப்பா?" தன் பக்கத்தில் இருந்த பன் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை. அந்தப் பன்னை அவர் எதிரிலேயே தின்றேன். வாழ்க்கையில் நான் செய்த கேவலங்களைப் பற்றி வேடிக்கையாகப் பேசுவது என் வழக்கம். இதை மட்டும் யாரிடமும் வேடிக்கையாகச் சொல்ல வந்ததில்லை.

தின்று முடித்ததும் அவர் கேட்டார். "ஒண்ணு கேக்கணும்பா. ஈரக் கையோட தொட்டுட்டாருன்னு மொதலாளி சொல்றாரு. காலைலயே குடிச்சிருந்தாரான்னு வேற கேக்கறாங்க. இருவது வருசமா செய்யறவரு அப்படியா தொடுவாரு? உங்களுக்குத்தான் தெரியும், சொல்லுங்க."

"பாத்து சொல்றேம்மா" என்றேன்.

உள்ளே விட்டார்கள். முகம் முழுக்கக் கட்டு. இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டு. வாய் மட்டும் தெரிந்தது. என் பெயரைச் சொன்னதும் அந்த வாய் அசைந்தது.

"தம்பி, நான் தொடல."

"பேசாதீங்கண்ணா."

"கைய தொடைச்சிட்டுதான் கதவ தொறந்தேன். ஹேண்டில தள்ளினேன். அவ்ளோதான். தொடாம எப்படி வரும்னு கேக்கறாங்க. எனக்கு சொல்லத் தெரியல. நீதானே பண்ணவன், நீ சொல்லு தம்பி. தொடாம வருமா?"

வரும் என்று எனக்குத் தெரியும். அந்த இன்ஜினியர் சொன்ன வார்த்தை வார்த்தையாகத் தெரியும்.

"மொதல்ல உடம்பு சரியாவட்டும்ணா" என்றேன்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். பேனல் கதவு ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளே எல்லாம் கரி. கரிக்கு நடுவே மஞ்சள் பட்டையின் போல்ட் மூக்கும் நீலப் பட்டையின் போல்ட் மூக்கும் உருகி, இரண்டும் பாதியாகக் குறைந்து, நேருக்கு நேர் நின்றன. ஹேண்டில் பிடியில் ஒரு காயமும் இல்லை. பார்க்கத் தெரிந்தவனுக்கு அது போதும். அங்கே பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

விபத்தைப் பற்றி எழுதிக்கொள்ளப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கையில் அட்டை, பேனா. மில்காரர் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைக் கேட்டார்.

"ஈரக் கையோட உள்ள கைய வுட்டுட்டான். அப்படித்தானே ஆயிருக்கும்? நீ சொல்லு, நீதான் தொழில் தெரிஞ்சவன்."

பேனா என் பக்கம் திரும்பிக் காத்திருந்தது. ஷெட்டுக்காரர் என் பின்னால் நின்று இருமினார். நான் வெறுமையாக இருந்த மேலுதட்டைத் தடவிக்கொண்டேன்.

"இருக்கலாங்க" என்றேன்.

அதை அவர் எழுதிக்கொண்டார். நான் பேசியதிலேயே மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார். மில்லில் வேறு பேனல் வந்தது. அகலமானது. ஷெட்டுக்காரர் சொன்ன விலைக்கு மில்காரர் பேரம் பேசவில்லை; அதைப் பழையபடி வடக்குச் சுவரிலேயே வைக்கச் சொன்னார். களத்தில், டீக்கடையில், பஸ்ஸில், அவர் ஈரக் கையோடு தொட்டுத்தான் செத்தார் என்று பேசிக்கொண்டார்கள். சில பேர் அதில் சாராயத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். கவனமில்லாத ஆளுக்கு உதாரணமாக அவரைச் சொல்லி, புதிதாக வேலைக்கு வந்தவர்களை மிரட்டினார்கள். நானும் அந்த டீக்கடையில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன். அவர் மனைவி கொஞ்ச நாளில் தன் தம்பி ஊருக்குப் போய்விட்டார். பார்த்துச் சொல்வதாகச் சொன்னவன் போகவே இல்லை.

நடந்தது இதுதான். அன்று காலை அவர் குடித்திருக்கவில்லை. கை ஈரமாக இல்லை. கதவைத் திறந்து ஹேண்டிலைத் தள்ளினார். மஞ்சள் பட்டையின் போல்ட்டிலிருந்து நீலப் பட்டையின் போல்ட்டுக்குக் கரண்ட் தாண்டியது. அந்த இடைவெளியில் ஒரு பென்சில்கூடப் போகாது. அதை அப்படி வைத்தவன் நான். அவர் எதையும் தொடவில்லை.